பதினோராம் பக்கத்து விதி

பிரணவ்,

பத்து நாள் எனக்கு ஜப்பானைச் சுற்றிக் காட்டிய நீ, உன் வீட்டை மட்டும் வேண்டுமென்றே காட்டவில்லை. அங்கே யாரும் யாரையும் வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள், நேரமும் போதவில்லை என்று நீ சொன்னதை நான் அப்போதே நம்பவில்லை. பூனைகள் உலவும் காபிக் கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார நமக்கு நேரம் இருந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு வந்த ரோபோவை மூன்று தடவை வீடியோ எடுக்க நேரம் இருந்தது.

போன வாரம் உன் செய்தி வந்தது. நீயும் எமியும் செவ்வாய்க்கிழமை வார்டு ஆபீசில் ஒரு படிவத்தைக் கொடுத்துக் கல்யாணத்தைப் பதிவு பண்ணிவிட்டீர்கள், ஏப்ரலில் சின்னதாக ஒரு விருந்து, அம்மா வந்தால் நன்றாக இருக்கும். இங்கிலீஷில் மூன்று வரி, கீழே ஒரு லிங்க். பெற்ற பிள்ளைக்குக் கல்யாணம் என்று படித்தவுடன் வாழ்த்துச் சொல்லத் தோன்றியிருக்க வேண்டும். நான் லிங்கைத் திறந்தேன். நவம்பரில் என்னைத் தங்கவைத்த அதே ஹோட்டல், உன் வீட்டிலிருந்து நாற்பது நிமிஷ ரயில் தூரம். அதனால்தான் இந்தக் கடிதம். தமிழில் எழுதுகிறேன். எட்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது இதற்காவது உதவட்டும். எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் படிப்பாய். மெதுவாகவே படி.

நவம்பரில் நான் கிளம்புவதற்கு முன்னால் நீ ஒரு பதினாலு பக்க வழிகாட்டி அனுப்பினாய், ஜப்பானுக்கு வரும் அம்மாவுக்காக நீயே எழுதியது. என் பிழைப்பு உனக்குத் தெரியும். இருபது வருஷமாக மருந்துக் கம்பெனியில் மற்றவர்கள் எழுதிய செய்முறைகளைப் படித்துத் தப்பு கண்டுபிடிக்கிறவள். உன் வழிகாட்டியை ஆபீஸ் பிரிண்டரில் எடுத்து, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். ஒரு தப்புகூடக் கிடைக்கவில்லை. ரயிலில் போன் பேசக்கூடாது. பிளாட்பாரத்தில் கோடு போட்ட இடத்தில் வரிசையில் நிற்க வேண்டும். தெருவில் குப்பைத் தொட்டி இருக்காது, காலி பாட்டிலைக் கையோடு தூக்கி வர வேண்டும். டிப்ஸ் வைத்தால் பின்னாலேயே ஓடி வந்து திருப்பிக் கொடுப்பார்கள். சோற்றில் சாப்ஸ்டிக்கைச் செங்குத்தாகக் குத்தி வைக்கக்கூடாது, அது செத்தவர்களுக்குப் படைக்கும் முறை. பொதுக்குளியலில் முதலில் ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் காரணமும் எழுதியிருந்தாய்.

பதினோராம் பக்கம், ஒருவர் வீட்டுக்குப் போனால். கதவுக்கு உள்ளே தாழ்வாக ஒரு சின்ன இடம் இருக்கும், அங்கே நிற்க வேண்டும். அதற்கு மேல் ஒரு படி, அந்தப் படியிலிருந்துதான் வீடு ஆரம்பிக்கிறது. வீட்டுக்காரர்கள் 'மேலே ஏறி வாருங்கள்' என்று சொல்லும்வரை ஷூவைக் கழற்றக்கூடாது, ஏறக்கூடாது. கொண்டுவந்ததை இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். எனக்கு இது உடனே புரிந்தது. எங்கள் கம்பெனியில் கிருமி நுழையக்கூடாத ஸ்டெரைல் அறைக்கு வெளியே குறுக்கே ஒரு பெஞ்சு போட்டிருப்பார்கள். இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். பெஞ்சில் உட்கார்ந்து, உறை மாட்டிய காலை மட்டும் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் தூக்கிப் போட வேண்டும். போனில் கேட்டேன், "யார் வீட்டுக்குடா போறோம்?" நீ சொன்னாய், "நோபடீஸ், அம்மா. இட்ஸ் ஜஸ்ட் கல்ச்சர்."

நீ என்னை நன்றாகப் பார்த்துக்கொண்டாய், இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். நான் சைவம், மீன் வேகவைத்த தண்ணீர்கூட ஆகாது என்று ஜப்பான் மொழியில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு ஒரு அட்டை கொடுத்தாய். நான் அதைச் சாப்பாட்டுக் கடைகளில் பாஸ்போர்ட் மாதிரி நீட்டினேன், அவர்கள் படித்துவிட்டு நிஜமாகவே வருத்தப்பட்டார்கள். கோயில் வாசல் தொட்டியில் முதலில் இடது கை, பிறகு வலது கை, பிறகு வாய் என்று அகப்பையால் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கற்றுக்கொடுத்தாய். ரோபோவுக்கு நான் தாங்க்யூ சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாய். நீ சின்னப் பிள்ளையில் சிரித்த சிரிப்பு அது. அதைப் பார்க்க மட்டுமே பதினாலு மணி நேரம் பறந்து வரலாம்.

சைவமும் கிடைக்கிற ஒரு தனி ஆள் நூடுல்ஸ் கடைக்கும் கூட்டிப்போனாய். இரண்டு பக்கமும் மரத் தடுப்பு, எதிரே ஒரு மூங்கில் திரை. இரண்டு கைகள் வந்து கிண்ணத்தை வைத்தன, யாரோ குனிந்து வணங்கினார்கள், திரை இறங்கிவிட்டது. அடுத்த தடுப்பில் நீ இருந்தாய், நீ உறிஞ்சுவது கேட்டது, முகம் தெரியவில்லை. நம் ஊர் ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்குத் திரும்பி நான் இதைச் சொன்னபோது எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பெண்கள் 'அய்யய்யோ, மனுஷங்களே வேண்டாமாம்' என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நான் தினமும் அப்படித்தான் சாப்பிடுகிறேன். மைக்ரோவேவ், கவுன்ட்டர், நின்றபடியே ஒரு கிண்ணம். உன் அப்பா டெக்சஸில் ரிச்சர்ட்சன் ஊருக்கு வேலை மாற்றிக்கொண்டு போய் நாலு வருஷம் ஆகிறது. பிரிந்துவிட்டோம் என்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. 'அவருக்கு ஆபீஸ் டெக்சஸ்ல' என்கிறேன், 'ஓ, ரிமோட் கிடைக்கலையா' என்கிறார்கள், இரண்டு தரப்புக்கும் உண்மை தெரியும். உன்னிடமும் நாங்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். பிரிந்துவிட்டோம். நீ கல்யாணம் ஆனவன், உனக்கு இது தெரிய வேண்டும். சண்டை போட்டுப் பிரியவில்லை. ஒருவரை ஒருவர் கேட்க வேண்டியதைக் கேட்காமலே விட்டுக்கொண்டு வந்து, கடைசியில் கேட்க ஒன்றும் மிச்சமில்லாமல் பிரிந்தோம். எமியிடம் கேட்டுவிடு. எது வேண்டுமானாலும் கேட்டுவிடு.

கியோட்டோவில் தேநீர் அறை பார்த்தோமே, அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது என்று இப்போது தெரிகிறது. உள்ளே போக ஒரு சின்னக் கதவு, நாய் நுழைகிற அளவு. முட்டி போட்டுத் தவழ்ந்துதான் போக வேண்டும். போர்வீரனானாலும் வியாபாரியானாலும் வாளை வெளியே வைத்துவிட்டுத் தலை குனிந்துதான் நுழைய வேண்டும், உள்ளே எல்லோரும் சமம் என்று சுற்றுலா வழிகாட்டிப் பெண் விளக்கினாள். என் முட்டி பாதியில் மாட்டிக்கொண்டது, நீ பின்னாலிருந்து என் முதுகில் கை வைத்து மெதுவாக உள்ளே தள்ளினாய். வெளியே வந்ததும் நான் உற்சாகத்தில் ஒரு பிரசங்கமே பண்ணினேன். என்ன கல்ச்சர்டா இது, வாசல்லயே எல்லாரையும் சமமாக்கிடறாங்க, நம்ம ஆளுங்க கத்துக்கணும் என்றேன். கதவைப் போட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்பில் அதையே எழுதிப் போட்டேன், ஆளாளுக்குக் கை கூப்பினார்கள். நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். பசியாக இருக்கும் என்று நினைத்தேன்.

எட்டாம் நாள் உனக்கு ஆபீஸ் இருந்தது. மியூசியம் டிக்கெட் வாங்கிக் கொடுத்திருந்தாய். நான் மியூசியத்துக்குப் போகவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்குப் பார்சலில் நான் எழுதும் உன் முகவரியை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு ரயில் ஏறினேன். ரயில் ஸ்டேஷன் பக்கத்தில் பெட்டிக்கடை அளவில் இருந்த போலீஸ் சாவடி ஒன்றில் காகிதத்தை நீட்டினேன். அந்தப் போலீஸ்காரர் மேப் வரைந்து பார்த்தார், எனக்குப் புரியவில்லை என்றதும் தொப்பியை மாட்டிக்கொண்டு உன் கட்டடம் வரை கூடவே நடந்து வந்து, சல்யூட் மாதிரி ஒன்று வைத்துவிட்டுப் போனார். நான் மணியை அழுத்தினேன். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். ஒரு பெண் கதவைத் திறந்தாள். என் மூக்கையும் உன் மூக்கையும் ஒப்பிட்டிருப்பாள் போல, நான் வாய் திறக்கும் முன்னாலேயே "ஓக்காசான்" என்றாள். அம்மா என்று அர்த்தம், வழிகாட்டியின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாய். நான் கதவுக்குள்ளே அந்தத் தாழ்ந்த இடத்தில் நின்றேன். பருப்புப் பொடி டப்பாவை இரண்டு கையாலும் கொடுத்தேன். ஷூவைக் கழற்றவில்லை. எல்லாம் பதினோராம் பக்கத்தின்படி. அவள் டப்பாவை வாங்கி வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு ஜோடி வீட்டுச் செருப்பை எடுத்து, நுனி உள்பக்கம் பார்க்கிறபடி படியின் மேல் வைக்கக் குனிந்தாள். காப்பிக் கலர். சின்ன சைஸ். விலைச் சீட்டைக்கூட இன்னும் பிய்க்கவில்லை.

அப்போது நீ உள்ளே இருந்து வந்தாய். சீக்கிரம் வந்துவிட்டாய் போல, கையில் வெங்காயம் வெட்டிய கத்தி. என்னைப் பார்த்தாய். அவளிடம் ஜப்பான் மொழியில் ஒரே ஒரு வரி சொன்னாய், குரலை உயர்த்தாமல். அவள் கை அப்படியே நின்றது. செருப்பு பாதி தரையில், பாதி அவள் விரலில். அவள் உன்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு செருப்பை மார்போடு வைத்துக்கொண்டு எனக்கு மிகவும் தாழ்வாகக் குனிந்தாள். நீ படியிறங்கி ஷூ போட்டுக்கொண்டாய். "வா அம்மா, ஹோட்டல்ல விடறேன்." நான் அந்தப் படியைத் தொடவே இல்லை. திரும்பும்போது நாற்பது நிமிஷமும் நாம் பேசவில்லை. ரயிலில் சத்தம் போடக்கூடாது என்ற விதி நம் இரண்டு பேருக்கும் எவ்வளவு வசதியாக இருந்தது.

ஏர்போர்ட்டில் சொன்னாய். செக்யூரிட்டி வரிசைக்கு முன்னால், என் கைப்பையின் ஜிப்பை நீயே இழுத்து மூடிவிட்டு. நீ என்னோடு தமிழில் பேசி எவ்வளவு காலம் ஆகிறது. நான் தமிழில் கேட்பேன், நீ இங்கிலீஷில் பதில் சொல்வாய், அதுதான் நம் வீட்டு வழக்கம். அன்றைக்குத் தமிழில் சொன்னாய்.

"எமிகிட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமாம்மா? அங்கயே நிக்கட்டும்னு சொன்னேன். மிஸ்டர் ஹாரிஸ் நின்ன மாதிரி."

"யாருடா ஹாரிஸ்?" என்று நான் கேட்டேன்.

நீ கேட் நம்பரைச் சொல்லிவிட்டு, சேஃப் ஃப்ளைட் என்றாய். நான் நடிக்கவில்லை, பிரணவ். அந்தப் பெயர் எனக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. நான் செய்ததைவிட நான் மறந்ததுதான் உனக்கு அசிங்கமாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து, கராஜ் வழியாக நுழைந்து, வீட்டுக்கு முந்தின சின்ன அறையான மட்ரூமில் ஷூவைக் கழற்றக் குனிந்தபோதுதான் அது எனக்கு வந்தது. நம் ஷூ ராக்குக்குப் பக்கத்தில், அந்த டைல்ஸ் மேல், நனைந்த கோட்டோடு உயரமாக ஒரு மனிதர்.

உனக்குப் பதினாலு வயது. ஸ்கூல் பேண்டில் டிரம்பெட் வாசித்தாய். மறுநாள் காலையில் ஆடிஷன், டிரம்பெட்டை ஸ்கூலிலேயே மறந்துவிட்டு வந்தாய். உன் பேண்ட் வாத்தியார் மிஸ்டர் ஹாரிஸ் அதைப் பார்த்து, பனிமழையில் காரை ஓட்டிக்கொண்டு நம் வீட்டைத் தேடி வந்தார். நீ கராஜைத் திறந்து, அவர் கையைப் பிடித்து, "கம் இன், கம் இன்" என்று மட்ரூம் வரை கூட்டி வந்துவிட்டாய். எனக்கு அதுவரை அவர் பெயர்தான் தெரியும், கறுப்பர் என்று தெரியாது. நான் சிரித்த முகத்தோடு வந்தேன். சிரிப்பு அப்படியே இருக்க, உன்னைப் பார்த்துத் தமிழில் சொன்னேன், "அங்கயே நிக்கட்டும்." அவருக்குக் காபி கொடுத்தேன், பேப்பர் கப்பில். அவர் வாய் வைத்தது நம் சிங்க்கில் விழக்கூடாது என்பதற்காகப் பேப்பர் கப். ஒரு மாதம் முன்னால்தான் உன் நீச்சல் கோச் வந்திருந்தார், வெள்ளைக்காரர். அவரை வீடு முழுக்கச் சுற்றிக் காட்டி, பூஜை அறையில் விளக்கேற்றி, சில்வர் டம்ளரில் பாயசம் கொடுத்தேன். ஹாரிஸ் நின்றபடியே காபியைக் குடித்தார், கப்பைக் கசக்கித் தன் கோட் பாக்கெட்டிலேயே போட்டுக்கொண்டார், "யூ ஹேவ் எ டேலன்டட் சன், மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எங்கே நிறுத்தப்பட்டோம் என்று தெரிந்துகொள்ள மொழி எதற்கு? உனக்கு இரண்டும் தெரியும். நீ இங்கிலீஷில் பதில் சொல்கிறவன் என்பதால் உனக்குத் தமிழ் காதில் விழாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

ஆடிஷனுக்குப் போனாய், ஜெயித்தாய், ஆனால் அடுத்த வருஷம் பேண்டை விட்டுவிட்டாய். யாரையும் வீட்டுக்குக் கூட்டி வருவதையும் விட்டுவிட்டாய். எங்கள் வீட்டுப் பையன் ஊர் சுத்த மாட்டான், ஒரு ஃப்ரெண்டையும் கொண்டுவர மாட்டான், படிப்பு மட்டும்தான் என்று நான் மற்ற அம்மாக்களிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

இதை நான் எங்கே கற்றேன் என்று சொல்லி உன்னிடம் இரக்கம் வாங்கப் போவதில்லை. நான் வளர்ந்த வீட்டில் வேலைக்காரம்மாவுக்குப் பின்கட்டு வாசல், தனி அலுமினிய டம்ளர். அந்த டம்ளரை விசாவோடு சேர்த்துக் கொண்டுவந்தேன், இங்கே அது பேப்பர் கப் ஆனது. நான் மட்டுமா? நம் ஆட்களோடு பிக்னிக்கில் உட்கார்ந்து, எங்கள் மேனேஜர்கள் எங்களை எப்படி மட்டம் தட்டுகிறார்கள், கிரீன் கார்டு கவுன்ட்டரில் எப்படி நடத்துகிறார்கள் என்று மணிக்கணக்கில் கொதிப்போம். கொதித்துவிட்டு வீட்டுக்கு வந்து யாரை எந்த வாசலில் நிறுத்துவது என்று முடிவு பண்ணுவோம். எல்லார் வீட்டிலும் ஒரு அடுக்கு பேப்பர் பிளேட் இருக்கிறது, யாருக்கு என்று எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நான் கியோட்டோவில் ஒரு கதவின் முன்னால் நின்று உனக்குச் சமத்துவம் சொல்லிக்கொடுத்தேன். நீ என்னை அங்கேயே விட்டுவிட்டு வராததே பெரிய விஷயம்.

போன மாதம் பனி அள்ள ஒருவர் வந்தார். ஹாரிஸ் வயது, ஹாரிஸ் நிறம். உள்ளே வந்து உட்காருங்கள், காபி சாப்பிடுங்கள் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அடுப்படி மேஜையில் சில்வர் டம்ளரை எடுத்து வைத்திருந்தேன். அவர் தன் பூட்ஸைக் காட்டி, ஈரமாக இருக்கிறது மேடம், பரவாயில்லை என்று சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அவருக்கு அந்தக் காபி தேவைப்படவில்லை. எனக்குத்தான் தேவைப்பட்டது. காபி ஆறியது, நானே குடித்தேன். ஹாரிஸ் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தேடிப் போய் மன்னிப்புக் கேட்டால் அதுவும் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. அதனால் அந்த வேலையை நான் முடித்துவிட்டதாக உன்னிடம் சொல்ல முடியாது.

ஆனால் நீ செய்ததையும் நான் சொல்லாமல் விட மாட்டேன். என் வாக்கியத்தையே எடுத்து எனக்குத் திருப்பிக் கொடுத்தாய். சரி. எனக்கு அது வேண்டியதுதான். ஆனால் அதைச் சொல்ல நீ எமியின் கையைப் பாதியில் நிறுத்தினாய். உன் பதினாலு வயதில் நான் உன் கையை நிறுத்தின மாதிரி. கையைப் பிடித்து ஒருவரை வீட்டுக்குள் கூட்டி வந்த பிள்ளை நீ. உன்னை அப்படி இல்லாமல் ஆக்கியது நான், இப்போது நீ அவளையும் மாற்றிவிடாதே. அவள் யாருக்காவது செருப்பை எடுத்து வைத்தால், வைக்க விடு. அதோடு, ஜப்பானில் யாரும் யாரையும் வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று என்னிடம் மறுபடி சொல்லாதே. அந்தப் பெண் இரண்டு வினாடி யோசிக்காமல் குனிந்தாள், நான் பார்த்தேன். உன் கோபத்தை ஜப்பான் மேல் போடாதே. உன் கோபம் நம் மட்ரூமில் பிறந்தது.

அந்தச் செருப்பு யாருக்காக வாங்கியது? இதைத்தான் ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டேன். ஏப்ரலுக்கு நான் வருகிறேன், ஹோட்டலில் தங்க மாட்டேன், தங்க இடம்கூட வேண்டாம், சாயங்கால விமானத்திலேயே திரும்பிவிடுகிறேன், ஆனால் அந்தப் படியேறி ஒரு முறை உங்கள் வீட்டில் உட்கார வேண்டும், நீ கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். உன் பக்கத்தில் அறிவிப்புக் குரல் கேட்டது, கதவு மூடும் மணி கேட்டது, இணைப்புப் போய்விட்டது. பிறகு ஒரு செய்தி வந்தது. ரயிலில் இருக்கிறாய், இங்கே பேசக்கூடாது.

இன்றைக்கு வியாழக்கிழமை. எந்த ரயிலும் நாலு நாள் ஓடாது, பிரணவ். நான் உன் வழிகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பதினோராம் பக்கத்திலேயே நிற்கிறேன், ஷூவைக் கழற்றாமல். இறங்கு. இறங்கி, 'மேலே ஏறி வாம்மா' என்று சொல்லு.